உஸ்தாத்னு முதல்ல கூப்பிட்டது யாரு?

மனுஷன் வேளாவேளைக்குச் சாப்பிடறார், தூங்கறார், காய்ச்சல் இல்ல, தலைவலி இல்ல. ஆனா சுவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, "கடையை மூடிடலாம், மகன் வீட்டுக்குப் போயிடலாம்"ங்கறார். ஏன்னு கேட்டா போர்வையை இழுத்துப் போத்திக்கறார். இப்படி ஒரு புருஷனை வெச்சுக்கிட்டு ஒரு பொம்பளை என்னதான் செய்வா, நீங்களே சொல்லுங்க.

எங்க கடை கீழே, வீடு அதுக்கு மேலே. மோட்டாருக்குக் காயில் கட்டுற கடை. மிக்ஸி, பேன், தண்ணி ஏத்துற பம்பு, எது புகைஞ்சாலும் இவர்கிட்டதான் வரும். கருகிப்போன செப்புக் கம்பியை வெட்டி எடுத்துட்டு, புதுக் கம்பியைச் சுத்து பிசகாம சுத்தி, வார்னிஷ் ஊத்திக் காய வெச்சுக் குடுப்பார். எங்க வீட்டுத் தலகாணியிலகூட அந்த வார்னிஷ் வாசனைதான். இங்க வந்த புதுசுல எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். இப்போ அது இல்லாட்டா தூக்கமே பிடிக்காது.

அந்தக் கடையைத்தான் மூடறேங்கறார். சும்மா வாய்ப்பேச்சா இருந்தா நான் கண்டுக்கவே மாட்டேன். கட்டட ஓனருக்கே போன் போட்டுச் சொல்லிட்டார். அந்த ஆளு, "கடையைக் கேட்டு வேற ஒருத்தர் காத்துக்கிட்டு இருக்கார், நாளைக்குக் காலைல நேர்ல வர்றேன், முடிவைச் சொல்லிடுங்க"ன்னுட்டான். நாளைக்கு!

மகன் வீட்டுக்குப் போக எனக்கு இஷ்டமே இல்ல. அதை இப்பவே சொல்லிடறேன். மருமகளைக் குறை சொல்லலை, தங்கமான பொண்ணு. ஆனா அவ சமையலறையில நான் ஒரு கரண்டியைத் தொட்டா, நான் அந்தப் பக்கம் போனதும் அதை எடுத்து இன்னொரு தடவை கழுவுவா. அவ சுபாவம் அது. என் சுபாவம் என்னன்னா, அதைப் பாத்துட்டும் பாக்காத மாதிரி இருக்க எனக்கு வராது. ஒரு மாசம் தாங்குமா அந்த வீடு?

அதனால காரணத்தைக் கண்டுபிடிச்சே தீர்றதுன்னு உக்காந்தேன். "வயிறு சரியில்லையா?" இல்ல. "கண்ணு மங்குதா, கம்பி தெரியலையா?" இல்ல. "யாராவது ஏதாவது சொன்னாங்களா?" அதுக்கு மட்டும் 'இல்ல' வரல. ஒரு பெருமூச்சு வந்துச்சு. நாத்தனாருக்குப் போன் போட்டேன். "எங்கண்ணன் சின்ன வயசுலயே அப்படித்தான் அண்ணி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா சோறு மட்டும் இறங்கும், பேச்சு ஏறாது"ன்னு சொல்லிச் சிரிச்சுட்டு வெச்சுட்டா. ரொம்ப உபகாரம்!

கடைசியில நான் பொட்டியை எடுத்துக் கட்டில் மேல டொம்முனு போட்டு, துணியை அடுக்க ஆரம்பிச்சேன். "சரி, போலாம். இப்பவே கிளம்பலாம். ஆனா எதுக்குப் போறோம்னு தெரியாம நான் படி இறங்க மாட்டேன்"னேன்.

சுவரைப் பாத்துக்கிட்டே சொன்னார். "அவனை உஸ்தாத்ங்கறாங்க."

"எவனை?"

"கடைசிக் கடையில பைக் ரிப்பேருக்கு வந்திருக்கானே, அவனை."

"சரி, அதுக்கு?"

சடார்னு இந்தப் பக்கம் திரும்பினார். மூஞ்சியில எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. "அதுக்கா? அது என் பேருடி!"

எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. ஒரு சொல்லுக்காகவா கடையை மூடறார்? சொல்லு என்ன, கழட்டி மாட்டுற சட்டையா, ஒருத்தன்கிட்ட இருந்து இன்னொருத்தன் வாங்கிப் போட்டுக்க?

ஆனா ஒண்ணு, அவர் சொன்னதுல பொய் இல்ல. இவர் முதல்ல தனியாத்தான் ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்தார். அதுக்கு அடுத்த வருஷம்தான் நான் மகனை இடுப்புல தூக்கிக்கிட்டு வந்து இறங்கினேன். இறங்கின அன்னைக்கே தெருவே எட்டிப் பாத்து, "உஸ்தாத் வீட்டம்மா வந்தாச்சு"ன்னுச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. நான் கேட்டு வளர்ந்த தமிழ்ல அதை வஸ்தாதும்பாங்க. வஸ்தாதுன்னா கர்லாக்கட்டை சுத்தறவர், மல்யுத்தம் சொல்லிக் குடுக்கறவர், தொடையைத் தட்டினா தெரு அதிரும். இவரோ எலியைப் பாத்தா ஸ்டூல் மேல ஏறுறவர். யாரோ கிண்டலுக்கு வெச்ச பேருன்னுதான் நினைச்சேன். அப்புறம் பாத்தா, எல்லாரும் மரியாதையாத்தான் கூப்பிடறாங்க. எனக்கும் அது பிடிச்சுப்போச்சு. உள்ளதைச் சொன்னா, 'உஸ்தாத் வீட்டம்மா'ன்னு யாராவது சொன்னா நான் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடப்பேன்.

இப்போ யோசிச்சுப் பாக்கறேன். கடைசியா எப்போ அப்படிக் கேட்டேன்? ஞாபகமே வரல. எப்போ நின்னுச்சுன்னும் தெரியல. எனக்கே சுருக்குனு இருந்துச்சு.

"இருங்க"ன்னு சொல்லிட்டுச் செருப்பை மாட்டினேன். "எவன் அந்தப் பேரை உங்களுக்கு முதல்ல வெச்சானோ அவனைக் கண்டுபிடிச்சு, எந்த உரிமையில அதை எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்தேன்னு கேட்டுட்டு வர்றேன்."

"அசிங்கப்படுத்தாதே"ன்னார். நான் ரெண்டு படி இறங்கியாச்சு.

எங்க தெருவுல ஆளுக்கொரு மொழி. பேக்கரிக்காரருக்கு அரபு, சலூன்காரருக்கு மலாய், எதிர் மாடி வயலின் டீச்சருக்கு இந்தி. இத்தனை வருஷத்துல எல்லாம் கலந்து, தெருவுக்குன்னு ஒரு அரைகுறைப் பேச்சு உண்டாகிப்போச்சு. எங்களுக்குள்ள அது போதும். உங்களுக்காக அதைத் தமிழாக்கித்தான் சொல்றேன்.

முதல்ல பேக்கரி. அவர் முழங்கை வரைக்கும் மாவோட அடுப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தார். என்னைப் பாத்ததும், "அகூய் எங்கே? ரெண்டு நாளா ஆளையே காணோம்?"னார்.

"அது கிடக்கட்டும். என் வீட்டுக்காரருக்கு உஸ்தாத்னு பேரு வெச்சது நீங்களா?"

தட்டை அடுப்புக்குள்ள தள்ளிட்டு நிதானமா யோசிச்சார். "அதை ஒரு பேருன்னு சொல்ல முடியாதே. எங்க பேச்சுல வாத்தியாரை, வக்கீலை, நாலெழுத்துப் படிச்ச யாரையும் உஸ்தாஸ்னு சொல்லுவோம். டாக்ஸி ஓட்டுறவரை, குழாய் ரிப்பேர் பண்றவரைக் கூப்பிடணும்னா உஸ்தா. ரெண்டும் ஒரே வேர்தான். மேல இருக்கிறவனுக்கும் அது, கீழ இருக்கிறவனுக்கும் அது."

"என் வீட்டுக்காரர் மேலயா, கீழயா?"

அவர் மாவுக் கையாலேயே நெத்தியைத் தொட்டுக்கிட்டார். "இப்படிக் கேட்டா நான் எங்க போவேன் சகோதரி? முதல்ல சொன்னது நான் இல்ல. சலூன்காரர் கூப்பிட்டார், நானும் கூப்பிட்டேன்."

சலூன்ல ஒருத்தர் கன்னம் முழுக்க நுரையோட சாஞ்சு கிடந்தார். நான் உள்ள போனதும் சலூன்காரர் கத்தியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, "அபாங்குக்கு உடம்புக்கு ஏதாவதா?"ன்னு பதறிட்டார். இவரு வேற ஒரு வார்த்தை சொல்றார். இந்தத் தெருவுல யாருக்கும் நேரா பேசவே தெரியாதான்னு எனக்கு எரிச்சல்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் நாக்கைக் கடிச்சுக்கிட்டார். "நானா? நான் வெச்சிருக்கவே மாட்டேன். எங்க மொழியில அதை உஸ்தாஸ்னு சொன்னா, சமய பாடம் நடத்துற ஆசிரியர். பிள்ளைங்களை உக்காத்தி வெச்சு ஓதச் சொல்லிக் குடுக்கறவர். அவர் முன்னாடி நாங்க காலை நீட்டி உக்கார மாட்டோம். காயில் கட்டுற ஆளை அப்படிக் கூப்பிட முதல்ல எனக்கே நாக்கு கூசிச்சு."

"பின்னே ஏன் கூப்பிட்டீங்க?"

"டீச்சரம்மா கூப்பிட்டாங்களே! படிச்சவங்க, தெரிஞ்சுதானே சொல்லுவாங்கன்னு நானும் ஆரம்பிச்சேன்."

நுரைக்குள்ள இருந்த ஆளு கண்ணைத் திறந்து, "எங்க வீட்டுல அப்படின்னா டிரைவர்"னு சொல்லிட்டுத் திரும்பவும் மூடிக்கிட்டார். யாரு இவரைக் கேட்டா?

எதிர் மாடி ஏறினேன். டீச்சர் வீட்டுக்குள்ள இருந்து வயலின் சத்தம், யாரோ பூனை வாலை மிதிச்ச மாதிரி. டீச்சர் அந்தப் பொண்ணை, "இதையே இன்னும் பத்து தடவை வாசி"ன்னு உள்ள விட்டுட்டு, என்னைக் கூட்டிட்டுப்போய் மொட்டை மாடிப் படியில உக்காந்தாங்க. கேட்டுட்டு, பாவி மனுஷி, சிரிச்சாங்க.

"அது பாரசீகச் சொல்லு. அங்க இருந்து கிளம்பி ஊர் ஊரா போயிருக்கு. எங்க மொழியில பெரிய பாட்டுக்காரங்களுக்கும் வாத்தியக்காரங்களுக்கும்தான் பேருக்கு முன்னாடி போடுவோம். நான் இத்தனை வருஷம் வயலின் வாசிக்கிறேன், என்னை எவனும் அப்படிக் கூப்பிட்டதில்ல. ஆனா பாருங்க, அதே சொல்லை வெச்சு, 'என்கிட்ட உஸ்தாதி காட்டாதே'ன்னா, உன் தந்திரமெல்லாம் என்கிட்ட வேணாம்னு அர்த்தம்."

எனக்குக் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி ஆயிடுச்சு. ஒருத்தருக்கு வாத்தியார், ஒருத்தருக்குக் குழாய் ரிப்பேர், ஒருத்தருக்கு ஓதிக் குடுக்கறவர், ஒருத்தருக்குப் பாட்டுக்காரர், எனக்கு மல்யுத்தம். இத்தனைக்கும் நடுவுல என் வீட்டுக்காரர் எதுன்னு இப்போ எனக்கே தெரியல. ஒருவேளை தந்திரக்காரரா? அதுவும் இல்லையே. தந்திரம் தெரிஞ்சிருந்தா ஏன் கட்டில்ல படுத்துக் கிடக்கறார்?

"அதெல்லாம் சரி டீச்சர். முதல்ல கூப்பிட்டது நீங்கன்னு சலூன்காரர் சொல்றார்."

"நானா? பேக்கரிக்காரர்தான் கூப்பிட்டுக்கிட்டு இருந்தார்."

"அவர் சலூன்காரரைக் கை காட்டறாரே!"

ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். இது ஆட்டமா, அசலா? நாலு சுவத்துக்குள்ள ஓடி ஓடித் திரும்பவும் அதே இடத்துல வந்து நின்னா எப்படி? எனக்கு அழுகை வராத குறை. நாளைக்குக் காலைல ஓனர் வந்து நிப்பான், நான் என்ன பதில் சொல்லுவேன்? "என் வாழ்க்கை இங்க கிடக்கு டீச்சர், இந்த ஒரு சொல்லுக்காக நான் மருமக வீட்டுல போய்க் கரண்டியைத் தொடலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு நிக்கணுமா?"ன்னு கத்தியே விட்டேன். உள்ள வயலின் நின்னுபோச்சு.

டீச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம், "இருங்க, இருங்க"ன்னாங்க. "நாங்க யாரும் கூப்பிடல. அவர்தான் கூப்பிட்டார்."

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர்தான்! கடை எடுத்த புதுசு. காலி பாட்டிலோட என் கதவைத் தட்டினார். தண்ணி வேணும். ஆனா அவருக்கு எங்க மொழி ஒண்ணுமே தெரியாது. பாட்டிலை நீட்டி, 'உஸ்தாத்'னார். எனக்குப் பின்னாடி யாராவது ஆம்பளை நிக்கறானான்னு நான் திரும்பிப் பாத்தேன். என்னைத்தான் சொல்றார்! சிரிப்பு வந்துச்சு, பிடிச்சு நிரப்பிக் குடுத்து, 'இந்தாங்க உஸ்தாத்'னேன். எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவார். பேக்கரிக்காரரை, சலூன்காரரை, குப்பை எடுக்கறவரை. நடுவழியில படுத்திருந்த நாயைப் பாத்து, 'உஸ்தாத், கொஞ்சம் நகரு'ன்னு கையைக் காட்டினதை நானே பாத்திருக்கேன்."

தொழில் கத்துக்கிட்ட பட்டறையில முதலாளியை எல்லாரும் உஸ்தாத்னுதான் கூப்பிடுவாங்கன்னு எப்பவோ இவர் சொன்னது உண்டு. அங்க இருந்து அந்த ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கிட்டு வந்து, யார்கிட்ட எடுபடும்னு தெரியாம எல்லார்கிட்டயும் நீட்டியிருக்கார். அவங்க அவங்க அதைத் தன் மொழிதான்னு நினைச்சு, திருப்பி இவர்கிட்டயே குடுத்திருக்காங்க. இதுக்குப் போயா நான் நிமிர்ந்து நடந்தேன்?

"சரி, கூப்பிட்டீங்கல்ல? ஏன் நிறுத்தினீங்க?"

"நிறுத்திட்டேனா?" டீச்சருக்கே தெரியல. கண்ணை மூடி யோசிச்சாங்க. "ஆமா. எங்கப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ இவர்தான் கூட வந்து வராந்தாவுல உக்காந்திருந்தார். டாக்டர் வெளிய வந்து, முடிஞ்சுபோச்சுன்னார். நான் இவர் தோள்ல சாஞ்சு அழுதேன். அழும்போது உஸ்தாத்னா வரும் வாயில? 'பாயி'ன்னு வந்துச்சு. கூடப்பிறந்தவனைக் கூப்பிடற மாதிரி. அதுக்கப்புறம் அதுதான்."

"அப்போ அந்த பைக் ரிப்பேர்காரன்? அவனை மட்டும் ஏன்?"

"வேற எப்படிக் கூப்பிடறது?"ன்னாங்க டீச்சர். "அவனும் எல்லாரையும் உஸ்தாத்ங்கறான். அவன் யாருன்னே எங்களுக்குத் தெரியாதே."

படி இறங்கும்போது எனக்கு ஒவ்வொண்ணா உறைச்சுது. நேரா பேக்கரிக்குப் போய், "அகூய்னா என்ன?"ன்னேன். "அண்ணன் தம்பி. என் கூடப்பிறந்தவன்"னார், இது தெரியாதாங்கற மாதிரி. நான் இத்தனை நாளா அதை ஏதோ ஒரு வகை ரொட்டின்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். சலூன் வாசல்ல நின்னு, "அபாங்?"னேன். "பெரியண்ணன்"னு கண்ணாடியைப் பாத்துக்கிட்டே பதில் வந்துச்சு.

வந்ததுதான் வந்தோம், அந்தக் கடைசிக் கடையையும் பாத்துடலாம்னு நடந்தேன். முப்பத்தஞ்சு வயசு இருக்கும், நல்ல உயரம், கையெல்லாம் கிரீஸ். போறவங்க வர்றவங்க "உஸ்தாத்!"னு கையைத் தூக்கறாங்க. இவனும், "உஸ்தாத்!"னு தூக்கறான். அவங்க போயிட்ட பிறகும் அந்தச் சிரிப்பு அவன் மூஞ்சியில அப்படியே இருக்கு, அதை என்ன பண்றதுன்னு அவனுக்கே தெரியாத மாதிரி. முறைக்கத்தான் போனேன். அவன் என்னைப் பாத்துத் தலையைக் குனிஞ்சு, "உஸ்தாத்"னான்.

என்னையுமா! நான் முறைக்காமலே திரும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து இவர்கிட்ட மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டினேன். "உங்க பேரை யாரும் பிடுங்கிக் குடுக்கலைங்க. உங்களை அண்ணன் தம்பி ஆக்கிட்டாங்க, அதனாலதான் அப்படிக் கூப்பிடறதில்ல. வேத்தாளுக்குத்தான் உஸ்தாத். புரியுதா?"

"தெரியும்"னார்.

"தெரியுமா!"

"அவங்க மொழியெல்லாம் எனக்குத் தெரியாதா? அகூய்னா என்ன, அபாங்னா என்ன, பாயின்னா என்ன, எல்லாம் தெரியும்." எழுந்து உக்காந்தார். "அண்ணன்னு யாரைத்தான் கூப்பிடல? பஸ் கண்டக்டர் அண்ணன், காய்கறிக்காரர் அண்ணன். உஸ்தாத்னா கைவேலை தெரிஞ்சவன். அண்ணன்னா முன்னாடி பொறந்தவன். முன்னாடி பொறந்ததுல என் சாமர்த்தியம் என்ன இருக்கு, நீயே சொல்லு."

அவர் சொல்றதும் நியாயமாத்தான் பட்டுச்சு. டீச்சர் சொன்னதும் நியாயமாத்தான் பட்டுச்சு. ரெண்டும் எப்படி நியாயமா இருக்க முடியும்னு ஒரு மண்ணும் புரியாம நின்னேன்.

"நீங்களாதானேங்க அதைச் சொல்லிக்கிட்டு வந்தீங்க? நாயைக்கூடக் கூப்பிட்டீங்களாமே?"

அவர் மூஞ்சி சிவந்துபோச்சு. "நான் சொல்லி வந்ததோ, அவங்களா குடுத்ததோ. என் கையில இருந்துச்சு. இப்போ இல்ல. காலைல ஓனர்கிட்ட காலி பண்றோம்னு சொல்லிடு. நான் கீழ வரமாட்டேன்."

அப்போ எனக்கு அழுகை வந்தே வந்துடுச்சு. "எனக்குப் போக வேணாம்ங்க. எனக்கு இங்கதான் இருக்கணும்"னு சொல்லிட்டு, கட்டில் மேல கிடந்த பொட்டியில இருந்து துணியெல்லாம் வெளிய எடுத்துப் போட்டேன். அவருக்குத் திரும்பவும் சுவரு.

கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. ஓனர்தான் முன்கூட்டியே வந்துட்டானோன்னு பயந்துக்கிட்டே திறந்தேன்.

அந்த பைக் ரிப்பேர்காரன். டயருக்குக் காத்து அடிக்கிற கம்ப்ரஸர் இருக்கே, அதோட மோட்டாரைக் கழட்டி, குழந்தையைத் தூக்கற மாதிரி ரெண்டு கையாலயும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு நிக்கறான். கருகின நாத்தம் குப்புனு அடிச்சுது. கீழ கடை பூட்டியிருக்கு, அதனால மாடி ஏறி வந்திருக்கான். என்னைத் தாண்டி உள்ள பாத்து, "உஸ்தாத்"னான்.

கட்டில் கிரீச்சுனுச்சு. நாத்தம் பட்டதும் இவருக்குத் தாங்கல போல. எழுந்து வந்து மோட்டாரைக் கையில வாங்கி, மேசை மேல வெச்சு, மூக்கைக் கிட்டக்கொண்டுபோய் மோந்து பாத்தார். மூடியைக் கழட்டினார். "ராத்திரி பகலா ஓட விட்டியா? ஒயர் மொத்தமும் வெந்து கிடக்கு"ன்னு தமிழ்ல கேட்டார். அவன் சிரிச்சான். அதையே பேக்கரிக்காரர் மொழியில கேட்டார். சிரிச்சான். மலாய்ல கேட்டார், இந்தியில கேட்டார், தெரிஞ்ச நாலு இங்கிலீஷையும் போட்டுக் கேட்டார். அவன் ஒவ்வொண்ணுக்கும் தலையைத் தலையை ஆட்டி, கடைசியா நெஞ்சுல கையை வெச்சு, "உஸ்தாத்"னான். அவன் மொழி எதுன்னு எங்க தெருவுலயே ஒருத்தருக்கும் தெரியல. அவன்கிட்ட வெளிய எடுக்க இருந்தது அந்த ஒண்ணுதான்.

இவர் ஸ்குரு டிரைவரைக் கீழ வெச்சுட்டார். அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னார். அப்புறம் என்கிட்ட பேசினார், ஆனா பார்வை அவன் மேலதான் இருந்துச்சு.

"நீ வர்றதுக்கு முன்னாடி இங்க ஒரு வருஷம் இருந்தேனே."

"ஆமா."

"காலைல கடையைத் திறந்தா தெரு முழுக்க உஸ்தாத், உஸ்தாத்தான். நானும் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டுவேன். கதவைச் சாத்திட்டு உள்ள வந்தா என்கிட்ட பேச ஒரு ஆள் கிடையாது. வாரக்கணக்கா என் வாயில இருந்து அந்த ஒரு சொல்லைத் தவிர வேற எதுவும் வந்ததில்ல. பல்லு விளக்கும்போது கண்ணாடியைப் பாத்துத் தமிழ்ல பேசுவேன். அண்ணே, எப்படி இருக்கீங்க, சாப்பிட்டீங்களான்னு நானே என்னைக் கேட்டுப்பேன். மறந்துடுமோன்னு பயமா இருக்கும்."

இதை அவர் ஒருநாளும் என்கிட்ட சொன்னதில்ல. அந்த வருஷம் அவர் போட்ட போன்ல எல்லாம், "இங்க எல்லாரும் எனக்கு நல்ல மரியாதை குடுக்கறாங்க"ன்னுதான் சொல்லுவார். நானும் அதை என் மாமியார்கிட்டப் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

அவர் அவனைப் பாத்து அஞ்சு விரலையும் குவிச்சு வாய்க்கிட்ட கொண்டுபோய்க் காட்டினார். சாப்பிட்டியா? அவனுக்கு முதல்ல புரியல. கூலி கேக்கறார்னு நினைச்சானோ என்னமோ, சட்டைப் பையைத் தடவினான். இவர் அந்தக் கையைப் பிடிச்சு இழுத்து, வயித்துல தட்டிக் காட்டினார். அவன் சிரிப்பு அப்பத்தான் மூஞ்சியை விட்டுப் போச்சு. இல்லைன்னு தலையாட்டினான்.

நான் தட்டு எடுத்து வெச்சுச் சோறு போட்டேன். அவன் கையைக் கழுவிட்டு வந்து, கூச்சத்தோட ஓரமா உக்காந்து, தலையைக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிட ஆரம்பிச்சான். பசின்னா அப்படி ஒரு பசி. நான் குழம்பை ஊத்த ஊத்த வேண்டாம்னே சொல்லல.

இவர் மேசைக்கிட்ட நின்னு அந்த மோட்டாரைத் துணியால சுத்திக் கட்டினார். ஆணியில மாட்டியிருந்த கடைச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

"ஓனர் வந்தா?"ன்னேன்.

"வேற இடம் பாத்துக்கச் சொல்லு. காலைல கடையைத் திறந்ததும் முதல் வேலை, பேக்கரிக்காரர், சலூன்காரர், டீச்சர் எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லப்போறேன்." அவன் தட்டைப் பாத்துக்கிட்டே சொன்னார். "இனிமே இந்தத் தெருவுல எவனும் இவனை உஸ்தாத்னு கூப்பிடக் கூடாது."

சோத்துல கை வெச்சிருந்தவன், அவர் பேசினதுல தனக்குத் தெரிஞ்ச அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் சட்டுனு நிமிர்ந்து, "உஸ்தாத்?"னான்.